தங்கவயலும் தமிழ்த் தொழிலாளரும்

பிற மாநிலங்களில் குடியேறிய தமிழரைப் பற்றிப் பேசுங்கால், அலுவலகப் பணிக்கு வந்தோரையும் வணிகம் செய்ய வந்தோரையுமே நாம் பெரும்பாலும் நினைவுகூர்கிறோம். கல்வியோ முதலோ இன்றி, உடலுழைப்பு ஒன்றையே நம்பி ஊரைவிட்டுப் புறப்பட்டவர் மிகப் பலர். கோலார் தங்கவயலை உருவாக்கிய தமிழ்த் தொழிலாளர் அத்தகையோர். அவர்தம் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ளல் வேண்டும்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தை நம் முன்னோர் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று வழங்கினர். மழை பொய்த்தது அனைவர்க்கும் பொதுவே; ஆயினும் பட்டினி அனைவரையும் ஒருபடித்தாய்த் தாக்கவில்லை. நிலமும் நெற்குதிரும் உடையோர் ஒருவாறு தாங்கினர். பிறர் வயலில் படியாளாய் உழைத்தோர்க்கோ, விளைச்சல் அற்றபோதே கூலியும் அற்றது. கூலியைத் தானியமாகவே பெற்று வந்த அவர்களிடம், விலையேறிய தானியத்தை வாங்கக் காசும் இல்லை. அந்நாளைய வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களில் வாழ்ந்த ஆதிதிராவிட மக்களின் நிலை இதுவே. வறுமையோடு தீண்டாமைக் கொடுமையும் சேர்ந்து அவர்களை நெருக்கிற்று.

இந்நிலையில், 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் என்னும் ஆங்கிலக் கம்பெனியார் மைசூர் நாட்டுக் கோலாரில் சுரங்கத் தொழிலை மேற்கொண்டனர். இயந்திரங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன. ஆட்களைத் திரட்டி வருவதற்கு மேஸ்திரிகளும் ஒப்பந்தக்காரர்களும் தமிழ்க் கிராமங்களுக்குச் சென்றனர். ஊரில் கிட்டாத காசுக்கூலி அங்கே கிட்டும் என்றறிந்த மக்கள் குடும்பம் குடும்பமாய்ப் புறப்பட்டனர்.

1902-ஆம் ஆண்டில் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியினின்று தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. பெங்களூர் நகரமே 1905-இல்தான் மின்விளக்கைக் கண்டது என்றால், அச்சுரங்கங்களின் முதன்மை விளங்கும். எனினும், வெள்ளைக்காரர் பங்களாக்களில் வாழ, தொழிலாளர் மூங்கில் தட்டிக் குடிசைகளில் நெருங்கி வாழ்ந்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் நாளடைவில் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தை எட்டியது. அங்கே வெப்பம் தாங்கொணாதது. பாறை திடீரென வெடித்துச் சிதறி மாண்டவர் பலர். கல்தூசி படிந்து நுரையீரல் கெட்டு மடிந்தவரும் பலர்.

இத்துணை இடரிலும் அவர்கள் அங்கேயே நிலைத்தமைக்குக் காரணம் கூலி மட்டுமன்று. ஊரில் பெறாத தன்மதிப்பை அங்கே தேடிப் பெற முடிந்தது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்திற்கு மாரிக்குப்பத்தில் கிளை அமைந்தது. அவர் நடத்திய ‘தமிழன்’ இதழ், அவர் 1914-இல் மறைந்த பின்னர், 1920-களில் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. கைரேகை பதிவு செய்ய வேண்டும் என்ற ஆணை பிறந்தபோது, குற்றவாளிகளைப் போல் நடத்தப்படுவதை ஏலாது, 1930-இல் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர்.

1956-இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமையாயின. பின்னர் மத்திய அரசின் பொறுப்பில் இயங்கின. 2001 பிப்ரவரி 28 அன்று அவை மூடப்பட்டன. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட பொன் 800 டன் அளவினது என்பர். அவ்வூரில் எஞ்சி நிற்பவை கழிவு மண் மேடுகளே. பொன்னெடுத்தோரின் வழித்தோன்றல்கள் பல்லாயிரவர் பிழைப்பின் பொருட்டு நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூர் சென்று மீள்கின்றனர். பஞ்சத்தால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் வேலையின்மையால் மீண்டும் அலைய நேர்ந்தது. செல்வம் பிறக்குமிடத்தில் உழைத்தும் அச்செல்வத்தில் பங்கு பெறாமையே இதற்குக் காரணமாகும். அவர்களுள் கல்வி பெற்றோர் மட்டுமே இந்நிலையினின்று ஓரளவு மீண்டுள்ளனர்.

இன்று நம் குடியிருப்புகளில் கட்டடம் எழுப்பவும் சாலை போடவும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தொழிலாளர் வருகின்றனர். அவர்தம் பிள்ளைகள் மணற்குவியலருகே விளையாடிப் பள்ளிப்பருவத்தைக் கழிக்கின்றனர். தங்கவயலின் வரலாறு அறிந்த நாம் இதனைக் கண்டும் காணாதிருத்தல் தகாது. ஆண்டுவிழா எடுக்கும் நம் சங்கங்கள், அப்பிள்ளைகளுள் சிலரையேனும் பள்ளியில் சேர்க்க முன்வருமாயின், அதுவே பஞ்சத்தில் ஊர்விட்டுச் சென்ற நம் முன்னோர்க்குச் செய்யும் சிறந்த நன்றிக்கடனாகும்.