பாரத மாதா ஓவிய வழக்கு

பாரத மாதா காலங்காலமாக இருந்துவரும் தெய்வ உருவம் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அவள் வயது குறைவு. பங்கிம் சந்திரரின் ‘ஆனந்தமடம்’ நாவலில் சொல்லாக உலவிய தாய்க்கு, 1905-இல் வங்கப் பிரிவினைக் கொந்தளிப்பின் நடுவே அவனீந்திரநாத் தாகூர் நீர்வண்ணத்தில் உருவம் கொடுத்தார். காவி உடை, நான்கு கைகள். அவற்றில் நெற்கதிர், வெள்ளைத் துணி, ஏடு, ஜபமாலை. ஆயுதம் ஏதுமில்லை. ஆனாலும் அன்றைய ஆட்சிக்கு அது சவால்தான்.

பிறகு காலண்டர் படங்கள் அவளை நாட்டின் வரைபடத்தோடு சேர்த்து வீடுவீடாகக் கொண்டுபோயின. 1936-இல் காசியில் காந்தி திறந்துவைத்த பாரத மாதா கோயிலில் சிலை கிடையாது. பளிங்கில் செதுக்கிய தேசப்படம்தான் மூலவர்.

சினிமா பேனர் வரைந்து பிழைப்பைத் தொடங்கிய எம்.எஃப். ஹுசைன் (1915–2011) இந்த வரைபட மரபையே எடுத்துக்கொண்டார். பெண்ணுடலே நாடு, விரிந்த கூந்தல் இமயம், மேனியெங்கும் ஊர்ப்பெயர்கள். ஆனால் ஆடை இல்லை. 2006-இல் காஷ்மீர் நிலநடுக்க நிவாரண ஏலத்துக்கான விளம்பரத்தில் படம் ‘பாரத மாதா’ என்ற பெயரில் வெளிவந்ததும் எதிர்ப்பு வெடித்தது. அந்தப் பெயர் ஹுசைன் வைத்ததல்ல. அவர் மன்னிப்புக் கேட்டார், ஓவியம் ஏலத்திலிருந்து விலக்கப்பட்டது. ஆனாலும் இந்தூர், ராஜ்கோட், போபால் என்று புகார்கள் பதிவாகின. பிறந்த ஊரான பண்டரிபுரமும் விட்டுவைக்கவில்லை. ஹுசைன் நாட்டைவிட்டு வெளியேறினார்.

உச்ச நீதிமன்றம் வழக்குகளை டெல்லிக்கு மாற்றியது. 2008 மே 8 அன்று டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் அவற்றை ரத்து செய்தார். நிர்வாணம் என்பதாலேயே ஒரு படைப்பு ஆபாசமாகிவிடாது. இந்த ஓவியத்தில் தெரிவது வேதனையில் துவண்ட பெண்ணே என்பது தீர்ப்பின் சாரம். தொண்ணூறு வயதைக் கடந்த ஓவியர் தம் வீட்டிலிருந்தே வரைய வேண்டியவர் என்றும் அது குறிப்பிட்டது. சட்டத்தில் வென்றும் ஹுசைன் திரும்பவில்லை. 2010-இல் கத்தார் குடியுரிமை பெற்று, மறு ஆண்டு லண்டனில் இறந்தார்.

கவுல் பின்னர் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியானார். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் தொடர்பான வழக்கில் 2016 ஜூலையில் எழுத்தாளருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த அமர்வுக்கும் அவரே தலைமை வகித்தார். எழுதுவதை நிறுத்தியிருந்த பெருமாள்முருகன் மீண்டும் எழுதத் தொடங்கினார்.