மலையில் வழி தவறியோர் எழுப்பும் ஒலி

பத்துப்பாட்டின் இறுதியில் நிற்கும் மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர்களை இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் ஆற்றுப்படுத்தும் பாட்டு இது. உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்ததிலிருந்து மலைவளத்தையும் மலையின் ஓசைகளையும் பாடிய நூலாகவே இதைப் போற்றி வருகிறோம். மலையேறுவோருக்கான எச்சரிக்கைக் கையேடாகவும் இதைப் படிக்கலாம்.

குறவரே திகைக்கும் குன்றுகளில் அகப்பட்டுக்கொண்டால் என்ன செய்வது? புலவர் தெளிவாகச் சொல்கிறார். அகன்ற பாறை ஒன்றில் அனைவரும் கூடுங்கள், மேற்கொண்டு நடக்காதீர்கள், உங்கள் இசைக்கருவிகளை முழக்குங்கள். நீர்த்துறையில் கால் தவறியவரின் கூக்குரலுக்கு ஓடிவருவதைப் போல, காடு காத்து உறையும் கானவர் விரைந்து வருவார்கள். உண்ணப் பழம் காட்டி, இடர் நிறைந்த வழியில் முன்னே நடந்து, உங்கள் கலக்கத்தைப் போக்குவார்கள்.

ஓரிடத்தில் நில், திறந்த வெளியைத் தேர்ந்துகொள், ஒலி எழுப்பு என்பதே இன்றைய மீட்புப் பயிற்சியின் பாலபாடமும் ஆகும். ஐரோப்பிய ஆல்ப்ஸ் மலையேறிகளிடையே 1894இல் கிளின்டன் டென்ட் என்பவர் ஒரு முறையை வகுத்துத் தந்தார். நிமிடத்திற்கு ஆறு முறை ஊதலோ ஒளியோ, பின் ஒரு நிமிட அமைதி, மீண்டும் ஆறு. கேட்டவர் நிமிடத்திற்கு மூன்று முறை பதில் தரவேண்டும். பதிலுக்கும் ஓர் இலக்கணம் வகுத்ததுதான் இம்முறையின் சிறப்பு. கேட்பவர் இல்லையேல் குறிப்புக்குப் பொருள் இல்லை.

திருப்பூர்ப் பகுதிக்கு இது ஏட்டளவிலான செய்தி அன்று. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுக்களில் ஒன்று சென்னையிலிருந்தும், மற்றொன்று ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்தும் சென்றது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சென்ற வழிக்கு உரிய அனுமதி இல்லை என்றது வனத்துறை. எங்கே, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைக் காட்டைக் காப்பவர் முன்கூட்டியே அறிந்திருப்பதுதான் முதல் அபாயக் குறிப்பு.

அடுத்தது கருவி. மேலைநாட்டு நூல்கள் செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவிகளைப் பரிந்துரைக்கின்றன. நம் நாட்டில் அவற்றை அரசு அனுமதியின்றி வைத்திருப்பது சட்ட மீறல். விமான நிலையத்தில் அவற்றோடு பிடிபட்டு வழக்கைச் சந்தித்த வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. அந்நூல்கள் கூறும் புகைக்குறியும் மார்ச் மாதத்துக் காய்ந்த புல்வெளியில் தற்கொலைக்கு ஒப்பானது. எஞ்சுபவை எளியவை. தொண்டை வறண்ட பின்னும் ஒலிக்கும் ஒரு விசில். வெயிலைத் திருப்பி அனுப்ப உள்ளங்கை அளவுக் கண்ணாடி. இரவுக்கு ஒரு டார்ச். பாறைமீது விரிக்க இரண்டு கஜம் பளீரென்ற ஆரஞ்சுத் துணி. கடைசிப் பொருளுக்குப் பனியன் நகரத்தார் எங்கும் அலைய வேண்டியதில்லை. ஆனால் நம் இளைஞர்கள் மலைக்கு உடுத்திச் செல்ல விரும்புவதோ இராணுவப் பச்சை; காட்டில் மறைவதற்கென்றே உண்டான நிறம்!

குரங்கணிக்குப் பின், 2018இலேயே தமிழக அரசு மலையேற்றத்திற்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 வழிகள் திறக்கப்பட்டன. திருப்பூர் மாவட்டத்தின் சின்னாறு சோதனைச்சாவடி–கூட்டாறு வழியும் அவற்றுள் ஒன்று. இவ்வழிகளில் முன்னே நடந்து செல்பவர்கள் பயிற்சி பெற்ற வழிகாட்டிகள். அவர்களில் பலர் அந்தந்தக் காட்டின் பழங்குடி மக்கள்.

பெருங்கௌசிகனாரின் கானவர் வேறு வடிவில் திரும்பியிருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. கூத்தர்களை இயம் முழக்கச் சொன்ன புலவர், ஒலியின் ஆற்றலை மட்டும் நம்பிச் சொல்லவில்லை. மலையில் கேட்பதற்கு ஆள் உண்டு என்பதை அவர் அறிந்திருந்தார். விசிலை வாங்கிப் பையில் போடுமுன் நாமும் உறுதி செய்துகொள்ள வேண்டியது அதைத்தான்.