அஞ்சு நாள், ரெண்டு ஊரு, ஒரு தப்புக்கணக்கு

ஆபீசுல ஆணி அதிகம். இப்போ ரிலீஸ் முடிஞ்ச சந்தோஷத்துல மேனேஜர் அஞ்சு நாள் லீவு குடுத்துட்டார். ஆன்சைட் வந்து ஒரு வருஷமாச்சு, இன்னும் எந்த ஊரையும் உருப்படியா பாக்கலை. ரூம்மேட்டும் நானும் உக்காந்து பேசி, மாட்ரிட், பார்சிலோனா ரெண்டையும் பாத்துடறதுன்னு முடிவு பண்ணினோம்.

முடிவு பண்ணின அரை மணி நேரத்துல சண்டை வந்துடுச்சு :-)

நம்ம ஆளு தீவிர பார்சிலோனா ரசிகன். "மச்சி, மாட்ரிடுக்கு ஒரு நாளே ஜாஸ்தி. அது பிராங்கோவோட ஊரு. சர்வாதிகாரியோட டீமுடா அது. பார்சிலோனாதான் எதுத்து நின்ன ஊரு. நாலு நாள் அங்கதான்"னான். எனக்கும் அப்படித்தான் தெரியும். மாட்ரிடுன்னா ஆண்டவங்க, பார்சிலோனான்னா அடி வாங்கினவங்க. ஆனா டிக்கெட் போடறதுக்கு முன்னாடி கொஞ்சம் படிச்சுடலாமேன்னு உக்காந்தேன். ரெண்டு வாரம் ராத்திரித் தூக்கம் போச்சு. கணக்கே மாறிப்போச்சு.

1936 ஜூலையில ராணுவத் தளபதிகள் சிலர் ஸ்பெயினின் குடியரசு அரசுக்கு எதிரா கலகம் பண்றாங்க. அதுக்குத் தலைவனா வந்து நின்னவர்தான் பிராங்கோ. பார்சிலோனாவில் கலகத்தைத் தொழிலாளர்களும் போலீசும் சேர்ந்து அடக்கினாங்க. சரி, மாட்ரிடில்? அங்கேயும் அதேதான்! ஜூலை 20 அன்னிக்கு மொந்தானா படைமுகாமுக்குள்ள ஜனங்க புகுந்து கலகத்தை முடிச்சுட்டாங்க. "நோ பசாரான்", அதாவது "அவங்களை உள்ள விடமாட்டோம்"ங்கற கோஷம் இருக்கே, டொலோரெஸ் இபாருரி அதை ரேடியோவில் முழங்கினதும் மாட்ரிடில் இருந்துதான்.

நவம்பர்ல பிராங்கோவின் படை மாட்ரிட் வாசலுக்கே வந்துடுச்சு. அரசாங்கம் மூட்டையைக் கட்டிக்கிட்டு வாலென்சியாவுக்குப் போயிடுச்சு. ஊரு விழலை. பல்கலைக்கழக வளாகமே போர்முனை. தத்துவத்துறை கட்டடத்துல தடித்தடிப் புத்தகங்களை அடுக்கி, அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சு சுட்டிருக்காங்க. (நம்ம செமஸ்டர் புத்தகங்களுக்கு இப்படி ஒரு பயன் இருக்கும்னு யாரும் சொல்லலையே!) குண்டு மழையிலயும் பசியிலயும் ரெண்டு வருஷத்துக்கு மேல தாக்குப் பிடிச்சுது. பார்சிலோனா விழுந்தது 1939 ஜனவரி 26. மாட்ரிட் விழுந்தது மார்ச் 28. "பிராங்கோவோட ஊரு" பார்சிலோனாவுக்கு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் பிராங்கோ கைக்குப் போச்சு.

இதை நம்ம ஆளுகிட்ட சொன்னேன். "அது ஊரு, டீமு வேறடா"ன்னான். சரி, டீமுக்கே வருவோம். பார்சிலோனா கிளப்போட தலைவர் ஜோசப் சுன்யோலை 1936 ஆகஸ்டில், மாட்ரிட் பக்கத்து குவாதர்ராமா மலையில பிராங்கோ படை சுட்டுக் கொன்னுது. இது நிறையப் பேருக்குத் தெரியும். அதே வருஷம் மாட்ரிட் கிளப்புக்குத் தலைவரா இருந்த ரபாயெல் சாஞ்செஸ் கெர்ராவும் குடியரசு ஆளுதான். ஊரு விழுந்தப்போ ஓடாம அங்கேயே நின்னு, பிராங்கோவின் சிறைக்குப் போனார். இது எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த கிளப்பின் பேரிலுள்ள "ரியல்"கூட, அதாவது "அரச"ங்கற பட்டம்கூட, 1931-ல் குடியரசு வந்ததும் போயி, 1941-லதான் திரும்ப வந்துது.

பார்சிலோனாவின் வலி பொய்யின்னு சொல்ல வரலை. 1714 செப்டம்பர் 11-ல் ஒரு வருஷத்துக்கு மேல நீடிச்ச முற்றுகைக்கு அப்புறம், அஞ்சாம் பெலிப்பே ராஜாவின் படைகிட்ட அந்த ஊரு விழுந்துது. ரிபெரா பகுதியில நூத்துக்கணக்கான வீடுகளை இடிச்சு, ஊரையே கண்காணிக்கிற மாதிரி ஒரு கோட்டை கட்டினாங்க. இடிஞ்ச தெருக்கள் பழைய பார்ன் மார்க்கெட்டுக்கு அடியில கிடைச்சு, 2013-லேர்ந்து ஜனங்க பாக்கறதுக்குத் திறந்து வெச்சிருக்காங்க. பிராங்கோ காலத்துல கத்தலான் மொழியைப் பொது வாழ்க்கையிலிருந்தே தள்ளி வெச்சாங்க. அதெல்லாம் நிஜம். அதே மாதிரி குடியரசுப் பக்கமும் கை சுத்தமில்லை. 1936 கடைசியில மாட்ரிட் பக்கத்து பராகுவெயோஸில் ரெண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளைக் கொன்னாங்க. 1937 மே மாசம் பார்சிலோனா தெருவுல குடியரசுக்காரங்களே ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கிட்டாங்க. ஆர்வெல் அதை நேர்ல பாத்து எழுதியிருக்கார்.

இந்த ரெண்டு ஊரையும் கட்டிப்போடற கதை ஒண்ணு கிடைச்சுது பாருங்க, அதுல நான் அப்படியே உக்காந்துட்டேன். 1936 நவம்பரில் பிராடோ மியூசியம் மேல குண்டு விழுந்துது. உள்ளே வெலாஸ்கெஸ், கோயா எல்லாம். படங்களைப் பெட்டிபோட்டு லாரியில ஏத்தி முதல்ல வாலென்சியா, அப்புறம் கத்தலோனியா, கடைசியா 1939 பிப்ரவரியில எல்லை தாண்டி ஜெனீவா. போற வழியில, 1938-ல், பெனிகார்லோங்கற ஊர்ல ஒரு வீட்டு பால்கனி இடிஞ்சு லாரி மேல விழுந்து, கோயாவின் "மே 2" படம் கிழிஞ்சே போச்சு. மாட்ரிட் ஜனங்க 1808-ல் நெப்போலியன் படையை எதுத்த படம் அது. சோறில்லாத நேரத்துல, படத்துக்கு லாரியும் பெட்ரோலும் ஒதுக்கின ஆளுங்களை நெனச்சுப் பாருங்க.

1938 ஏப்ரலில் பிராங்கோ படை கடல் வரைக்கும் போய் குடியரசை ரெண்டு துண்டாக்கிடுச்சு. அதுக்கப்புறம் பார்சிலோனாவுக்கும் மாட்ரிடுக்கும் தரைவழியே கிடையாது. அந்த ஜூன்ல நம்ம நேரு, கிருஷ்ண மேனனோட பார்சிலோனா போனார். தங்கினது எத்தனை நாள் தெரியுமா? எங்களை மாதிரியே அஞ்சு நாள். ராத்திரி ராத்திரி குண்டு விழறதைப் பாத்துட்டு வந்திருக்கார். அன்னிக்கு அறுந்து கிடந்த பாதையில இன்னிக்கு ஏவ் ரயில் ரெண்டரை மணி நேரத்துல கொண்டுபோய் விடுது. 2008-லேர்ந்து ஓடுது, 621 கிலோமீட்டர்.

இப்போ பிளானுக்கு வருவோம். பாதிப் பாதி.

முதல் நாள் மாட்ரிட். சாயங்காலம் தெபோத் கோயில். அஸ்வான் அணை கட்டினப்போ உதவினதுக்கு நன்றியா எகிப்து குடுத்த நிஜமான பழைய கோயில். எல்லாரும் அஸ்தமனம் பாக்கப் போவாங்க. அது நிக்கற குன்றுலதான் மொந்தானா முகாம் இருந்துது. 1808-ல் பிரெஞ்சுக்காரங்க ஜனங்களை வரிசையா நிக்க வெச்சுச் சுட்டதும் அதே குன்றுலதான்.

ரெண்டாம் நாள் பிராடோ, கிழிஞ்சு ஒட்டின கோயா. நடக்கற தூரத்துல ரெய்னா சோபியா, பிக்காசோவின் "கெர்னிகா". (செவ்வாய்க்கிழமை லீவு, தேதி பாத்துப் போங்க.) ஸ்பெயினில் சுதந்திரம் திரும்பினாத்தான் படம் அங்கே போகணும்னு பிக்காசோ சொல்லிட்டார். அதனால அது நியூயார்க்கிலேயே இருந்து, 1981-லதான் வந்துது. அதைப் பாக்க அவர் இல்லை, 1973-லேயே போயிட்டார்.

மூணாம் நாள் ரயில். மத்தியானம் பார்சிலோனாவின் சான் பெலிப் நேரி சதுக்கம். 1938 ஜனவரி 30-ல் இத்தாலி விமானக் குண்டுக்கு இங்கே 42 பேர் செத்தாங்க, பெரும்பாலும் குழந்தைங்க. சர்ச் சுவத்துல குண்டுச் சில்லு பட்ட பள்ளங்கள் இன்னும் இருக்கு.

நாலாம் நாள் பார்ன், அப்புறம் சக்ராதா பமிலியா. 1936-ல் கலகத்தை எதுத்த கூட்டத்துல சிலர் இதன் பட்டறைக்குத் தீ வெச்சு, கவுதியின் வரைபடங்கள் எரிஞ்சு, மாடல்கள் சுக்குநூறாச்சு. ஆளும் இல்லை, டாக்குமென்டேஷனும் இல்லை. உடைஞ்ச துண்டுகளை ஒட்டி ஒட்டிக் கட்டியிருக்காங்க. நம்ம மெயின்டனன்ஸ் ப்ராஜெக்ட் பத்தி இனி நான் புலம்பமாட்டேன் சாமி.

அஞ்சாம் நாள் நண்பனோடது. ஸ்டேடியம்.

எழுதினதை அவன்கிட்ட படிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "அந்த மாட்ரிட் தலைவர் பேரு என்ன சொன்னே?"ன்னு கேட்டான். சொன்னேன். "ரெண்டாம் நாள் சாயங்காலம் ஃப்ரீதானே? அவங்க ஸ்டேடியத்தையும் வெளில நின்னு ஒரு பார்வை பாத்துடலாம். உள்ள மட்டும் வரமாட்டேன்"னான்.

இது போதும்டா சாமி. டிக்கெட் போட்டாச்சு :-)