சான்று தேடிய வீரர்கள்

சென்னைத் தேனாம்பேட்டையில் பாதுகாப்புத் துறையின் கணக்கு அலுவலகம் இருக்கிறது. அரசுப் படையில் குறித்த காலம் பணியாற்றியவருக்கு ஓய்வூதியம் உண்டு. அவர் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தமிழரின் நிலையோ வேறு.

1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அங்கே சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களில் பலரும், பின்னர் மலேயாவில் பால்மரம் வெட்டிய தமிழரில் பலரும் அப்படையில் சேர்ந்தனர். 1945-இல் படை கலைந்தது. விடுதலை வந்த பின்னரும் அச்சிப்பாய்களை இந்திய இராணுவம் மீண்டும் ஏற்கவில்லை.

1972 ஆகஸ்ட் 15-ஆம் நாள் மத்திய அரசு தியாகிகள் ஓய்வூதியத் திட்டத்தைத் தொடங்கிற்று. தேசிய இராணுவத்தினருக்கும் அதில் இடம் கிடைத்தது. ஆயினும் விண்ணப்பிப்பவர், பொதுவாக 6 மாதமேனும் சிறையில் இருந்ததற்குச் சான்று காட்டவேண்டும். பதிவேடு கிடைக்காவிடில், உடனிருந்த கைதி சான்று அளிக்கவேண்டும். 27 ஆண்டுகள் கழிந்தபின் அந்தத் தோழரை எங்கே தேடுவது? ஆண்டுகள் செல்லச் செல்ல, சான்று சொல்லக்கூடியவர்களும் மறைந்தனர்.

ஓய்வூதியத்தை 'உபகாரச் சம்பளம்' என்று கூறுவது பழைய வழக்கு. இம்முதியவர்களைப் பொறுத்தவரை அச்சொல் பொருந்தாது என்பேன். அது உபகாரம் அன்று. நாடு பட்ட கடன்.