ஆடை வெளுக்கும் மனையும் அழுக்குநீர் செல்லும் வழியும்

கோயிலும் கோட்டையும் மாளிகையும் வரலாற்றாசிரியர் கண்ணிற் பட்ட அளவுக்கு ஆடை வெளுக்கும் மனை படவில்லை. ஆற்றங்கரையிலே ஒரு கல்லும் ஓடும் நீரும் அமைந்துவிட்டால், வெளுப்பதற்குக் கட்டடம் வேண்டுவதில்லை. ஆறில்லாத இடத்திலும், மக்கள் நெருங்கிய நகரத்திலுமே அதற்கெனத் தனிமனை தோன்றிற்று. அம்மனைகளை ஒப்புநோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். அவற்றின் சிறப்புச் சுவரிலும் கூரையிலும் இல்லை. தூயநீர் வரும் வழியையும் அழுக்குநீர் போகும் வழியையும் வேறாக்கிய முறையிலேயே உள்ளது.

கி. பி. 79 ஆம் ஆண்டில் எரிமலைச் சாம்பலுள் மறைந்த பொம்பெயி நகரத்திலே, ஸ்தெபானுஸ் என்பவன் பெயரால் வழங்கும் வெளுப்புமனை அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளது. குடியிருப்பு மனையைத் தொழில்மனையாக மாற்றியோர், மழைநீர் ஏற்கும் முற்றத் தொட்டியைச் சுற்றிச் சுவரெடுத்து அலசுதொட்டி ஆக்கினர். பின்புறத்தே ஒன்றோடொன்று இணைந்த தொட்டிகளைப் படிமுறையாக அமைத்தனர். நீர் மேலிருந்து கீழிறங்கும்; ஆடையோ கீழிருந்து மேலேறும். ஆகவே இறுதி அலசல் தூயநீரிலே நிகழும். தொழிலாளர் சிறுநீர் கலந்த நீரில் ஆடைகளைக் காலால் மிதித்து உழைத்தனர்.

பிரான்சு தேசத்திலே பொதுத் துவைமனைகள் ஊர்தோறும் எழுந்தன. 1851 ஆம் ஆண்டுச் சட்டம் பொதுக் குளிப்பிடங்களுக்கும் துவைமனைகளுக்குமாக 6 இலட்சம் பிராங்கு ஒதுக்கிற்று. ஊற்றுநீர் முதலில் அலசுதொட்டியிலும், அதன்பின் துவைதொட்டியிலும் பாயுமாறு பல மனைகள் அமைந்தன. பொம்பெயியிற் கண்ட விதியே ஈண்டும் காணப்படுகின்றது.

இங்கிலாந்திலே அவ்விதியை வற்புறுத்தியது கொள்ளைநோய். 1832 இல் லிவர்பூல் நகரத்தை வாந்திபேதி வாட்டியபோது, கிற்றி வில்கின்சன் என்னும் ஏழைப் பெண்மணி தம் அடுக்களையிலிருந்த கொதிகலத்தை அயலாருக்குத் திறந்துவிட்டார். நோயாளர் துணிகள் அங்கே கொதிநீரில் வெளுக்கப்பட்டன. அம்முயற்சியின் பயனாக 1842 இல் அந்நகரிலே பொதுக் குளிப்பிடமும் துவைமனையும் ஒருங்கே அமைந்த கட்டடம் திறக்கப்பட்டது. 1846 இல் அத்தகைய மனைகளை ஊராட்சிகள் அமைக்கப் பாராளுமன்றம் சட்டமியற்றிற்று.

பாரதத்திலே மும்பாயின் மகாலட்சுமித் துவைதுறை 1890 இல் அமைந்தது. வரிசை வரிசையான கற்றொட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு துவைகல். மேலே வானமே கூரை. கொச்சிக் கோட்டையிலே, ஒல்லாந்தர் காலத்திற் படையினர் உடை வெளுக்கக் கொண்டுவரப்பட்டோர் எனக் கூறப்படும் தமிழ் வண்ணாரின் வழியினர் இன்றும் தொழில் செய்கின்றனர். அவர்கள் தொழிற்கூடம் தனித்தனித் துவையறைகளோடு 1976 இல் கட்டப்பட்டது.

இனி எம் எழுவைதீவை நோக்குவாம். இங்கே ஆறில்லை, கிணறே கதி. கிணற்றுக்கட்டும் துவைகல்லும் சிறு வாய்க்காலுமே எம் வெளுப்புமனை. யாழ்ப்பாணத்துக் கட்டாடியார் முன்னாளில் உவர்மண் கரைசலில் துணிகளைத் தோய்த்து, வெள்ளாவியில் அவித்து அழுக்கு நீக்கினர். லிவர்பூலின் கொதிகலம் செய்த பணியையே எம்மூர்ப் பானையும் அடுப்பும் செய்தன. கலியாண வீட்டிலும் இழவு வீட்டிலும் வெள்ளை கட்டியவரும் அவரே. அவர் கைபட்ட வெள்ளையைத் தூயதெனக் கொண்ட சமூகம், அவரைத் தன் கிணற்றுக்கட்டிலிருந்து விலக்கிவைத்தமை வெட்கத்துடன் நினைக்கற்பாலது.

தீவுக்கிணற்றின் இயல்பை அறிந்தால் வாய்க்காலின் அருமை விளங்கும். சுண்ணக்கல்லின் துவாரங்களுள் மழைநீர் தங்கி, உவர்நீரின்மேல் மிதக்கின்றது. கடல்மட்டத்திற்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும் என்பது நிலநூலார் கணக்கு. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலெழும். துலாவால் அள்ளிய காலத்தில் கையின் களைப்பே வரம்பு விதித்தது, இயந்திரத்துக்குக் களைப்பில்லை. மேலும், சுண்ணக்கல் நீரை எளிதில் உள்வாங்கும். துவைகல்லினருகே கொட்டிய சவர்க்கார நீர், கற்பிளவுகளினூடே நாம் குடிக்கும் நீரையே சென்றடையும். ஆற்றங்கரையார் விட்ட அழுக்கு அயலூர்க்குச் செல்லும். தீவார் விட்ட அழுக்கோ தம் குடத்துக்கே மீளும்.

ஆதலால் எமக்கு வேண்டுவது பெருங்கட்டடமன்று. துவைகல் கிணற்றை விட்டு விலகித் தாழ்ந்த பக்கத்தில் அமைதல் வேண்டும். அதன் நீர் வெடிப்பற்ற சீமெந்து வாய்க்கால் வழியே தூரத்துத் தென்னைக்கோ வாழைக்கோ செல்லுதல் வேண்டும். மாணவர் தத்தம் வீட்டுக் கிணற்றடியில் நீர் போகும் வழியை ஒருமுறை நோக்குவாராக. பொம்பெயியார் படிமுறைத் தொட்டியிற் கண்ட அறிவை, நாம் ஒரு முழ வாய்க்காலிலேனும் காட்டுதல் தகும்.