மெலிந்த சைகையும் அமெச்சூர் வானொலியும்

தொலைவை வெல்லுதற்கு வலிமையே வேண்டுமென்பது வானொலிக் கலையின் தொடக்ககாலக் கொள்கையாகும். அக்கொள்கையின் எல்லையைச் சந்திரன் புலப்படுத்திற்று. 1946 ஆம் ஆண்டு சனவரி 10 ஆந் திகதி அமெரிக்கத் தரைப்படையின் சைகைப் பிரிவினர் நியூ ஜேர்சியிலிருந்து சந்திரனை நோக்கி அலைகளைச் செலுத்தி, ஏறத்தாழ இரண்டரைச் செக்கனில் எதிரொலியைப் பெற்றனர். 1960 யூலையில், ஊதியங் கருதாது வானொலி பயிலும் அமெச்சூர்களும் அவ்வழியே தம்முள் தொடர்பு கொண்டனர். ஆயினும், மீண்டுவரும் அலை மிக மெலிந்தது. அதனைச் செவியாற் கேட்டு மோர்ஸ் குறிகளைப் பிரித்தறியப் பேரளவான ஏரியல்கள் வேண்டப்பட்டன. எனவே பொருளும் இடமும் வாய்ந்த சிலருக்கே அது கைகூடிற்று.

இந்நிலையை மாற்றியவர் யோசேப் ரெயிலர் ஆவர். இளமை முதல் அமெச்சூராயிருந்த இவர், றசல் ஹல்ஸ் என்பாருடன் 1974 இல் இரட்டைத் துடிப்பு விண்மீனைக் கண்டு, 1993 இல் நோபெல் பரிசு பெற்றார். இரைச்சலுள் அமிழ்ந்த துடிப்பைக் கணிப்பினால் மீட்கும் முறையில் வல்லவரான அவர், 2001 இல் டபிள்யூ.எஸ்.ஜே.ரி. என்னுங் கணினிச் செய்நிரலை வெளியிட்டார். எரிவிண்மீன் சுவடுகளிற்பட்டுக் கணப்பொழுதே கேட்கும் சைகைகளுக்கு அது முதலிற் பயன்பட்டது. 2003 இல் சந்திரத் தொடர்புக்கெனச் ஜே.ரி.65 என்னும் முறை அதனுட் சேர்ந்தது.

இம்முறையில் இரு நிலையத்தாரும் கடிகாரத்தை ஒழுங்குசெய்து, நிமிடந்தோறும் மாறிமாறிச் செலுத்துவர். 72 இருமக் கூறுகளாலான செய்தி 378 கூறுகளாக விரிக்கப்படும். இடையே பல சிதையினும் எஞ்சியவற்றால் முழுமையும் மீட்கப்படும். செல்லரித்த ஏட்டின் சிதைவை யாப்பறிந்த புலவன் எதுகை மோனை கொண்டு நிரப்புதல் இதற்கு ஒப்பாகும். இதனால் ஓர் எளிய ஏரியல் உடையாரும், மறுமுனையில் வசதிமிக்க நிலையம் இருப்பின், சந்திரன்வழித் தொடர்புகொள்ளல் இயல்வதாயிற்று.

2017 இல் ஸ்ரீவன் பிராங்கும் ரெயிலரும் வகுத்த எவ்.ரி.8 முறை, ஒரு செலுத்துகைக்குரிய காலத்தைப் பதினைந்து செக்கனாகச் சுருக்கிற்று. அதிற் பெரும்பாலும் அழைப்புக்குறியும் இடமும் சைகையின் அளவுமே பரிமாறப்படும். நலம் வினவலும் நயந்து பேசலும் இல்லை. மனிதர் வாளாவிருக்கப் பொறிகளே உரையாடுகின்றன என்பார் கூற்றுப் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும், சிறு வீட்டில் குறைந்த வலுவோடு இருப்போனது குரலும் கடல் கடந்து கேட்கப்படுகின்றது. பேச்சின் விரிவு குன்றிற்று. கேட்கப்படுவோர் தொகை பெருகிற்று. வலிமை திறவாத வாயிலை ஒழுங்கு திறந்ததென்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாம்.