77ல தண்ணி எவ்ளோ வந்துச்சு?

திருச்சில வீடு தேட ஆரம்பிச்சப்போ என் லிஸ்ட்ல 11 வீடு. விலை, வாஸ்து எல்லாம் அப்புறம். அக்கம்பக்கத்துப் பெரியவங்ககிட்ட நான் முதல்ல கேட்டது தலைப்புல இருக்கிற கேள்விதான். 1977 நவம்பர்ல புயல்மழை கொட்டி, காவிரியும் கோரையாறும் பெருகி ஊருக்குள்ள வந்துச்சு. உறையூர்ப் பக்கம் ஒரு தாத்தா சுவத்துல கைவச்சு, "இதுவரைக்கும் தம்பி"ன்னார். என் தோள் உயரம்! 2005லயும் வெள்ளம். அஞ்சு வீடு அவுட்.

அடுத்து ஸ்ரீரங்கம். ஏழு பிராகாரத்துல வெளிச்சுற்றுகள்ல உத்தர வீதி, சித்திரை வீதின்னு ஜனங்க குடியிருக்காங்க. திண்ணை, முற்றம், கொல்லைன்னு நீளமான வீடுங்க, பார்த்தாலே ஆசை வரும். ஆனா மனை யாரோடது? கோயில் தன்னோடதுங்குது, தலைமுறையா இருக்கறவங்க பத்திரத்தை நீட்டறாங்க. இந்த அடிமனைப் பிரச்னையில பத்திரப் பதிவே நின்னுபோய், தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதியாவும் ஆச்சு. வில்லங்கச் சான்றிதழை மட்டும் நம்பி அங்க அட்வான்ஸ் குடுக்காதீங்க மக்களே. நாலு வீட்டை அடிச்சுட்டேன், மனசே இல்லாம.

மிச்சம் ரெண்டும் கிழக்கால. 1928ல பொன்மலை ரயில்வே பணிமனை, 1960கள்ல திருவெறும்பூர் பெல்னு வேலை அந்தப் பக்கம் போக, ஊரும் பின்னாடியே போச்சு. பத்திரம் சுத்தம்.

அம்மாவுக்கு மட்டும் சித்திரை வீதிதான் வேணுமாம் :-)